வடகோடியின் பழங்கதைகளில் ஊசியும் விளக்கும்

மத்திய அலாஸ்காவின் டனனா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 11,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு வீடு இருந்தது. பாதி மண்ணுக்குள் இறங்கிய கோடைக்கால வீடு. அதன் நடுவே இருந்த அடுப்புக் குழியில் சால்மன் மீனும் தரையணிலும் பறவைகளும் சமைத்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் அதே குழியில் மூன்று வயதை ஒட்டிய ஒரு குழந்தையின் உடலை எரித்தார்கள். குழியை மண்ணிட்டு மூடினார்கள். அதற்குப் பின் அந்த வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. அப்வர்ட் சன் ரிவர் என்ற இந்த அகழ்விடத்தில் 2010-இல் எரிந்த எலும்புகள் வெளிப்பட்டன. 2013-இல் இன்னும் கீழே தோண்டியபோது, அதே அடுப்புக்கு அடியில் இரண்டு சிசுக்கள் கிடைத்தன. ஒன்று பிறந்து சில வாரங்களில் இறந்தது. மற்றது பிறப்பதற்கு முன்பே இறந்திருக்கிறது. இருவரோடும் செங்காவி இருந்தது. பக்கத்தில் கல் ஈட்டிமுனைகளும், கோடுகள் செதுக்கிய மான்கொம்புத் தண்டுகளும்.

இரண்டும் பெண் சிசுக்கள். நெருங்கிய உறவு, ஆனால் தாய் வேறு வேறு என்பது வரை மரபணு ஆய்வு சொல்லிவிட்டது. ஒரு வீடு, குறைந்தது இரண்டு தாய்மார், மூன்று சாவு. ஈட்டியைத் தொடும் வயதே வராத குழந்தைகளுக்கு அருகில் வேட்டைக் கருவிகளை வைத்தது யார்? தகப்பனா, தாய்மாமனா, அந்தத் தாய்மாரில் ஒருத்தியா? வீட்டை விட்டுப் போகலாம் என்று முதலில் சொன்னது யார்? தொல்லியலாளர் இந்த இடத்தில் நின்றுவிடுவார், நிற்கத்தான் வேண்டும். நாவலாசிரியருக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வடகோடியின் முற்கால மக்களைப் பற்றிய புனைவுகள் ஆங்கிலத்தில் ஏராளம். 1980-களில் பனியுகக் கதைகளுக்கு ஓர் அலையே எழுந்தது, அதன் தொடர்ச்சியாக அலாஸ்காவும், ஒருகாலத்தில் அதை ஆசியாவோடு இணைத்திருந்த பெரிங் நிலப்பாலமும் பல நாவல்களுக்குக் களமாயின. இவற்றில் பெரும்பாலானவை வேட்டைக்காரனின் முதுகைப் பார்த்தபடியே நடக்கின்றன. மாமத யானை, வெள்ளைக் கரடி, முடிவில்லாத பனிவெளி, எதிர்க்கூட்டத்தோடு ஒரு மோதல். ஈட்டிக்காரன் இல்லாமல் அந்த நிலத்தில் யாரும் பிழைத்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அங்கே தோண்டத் தோண்ட மண் நம்மை வீட்டுக்குள்தான் அழைத்துப் போகிறது. அடுப்பு, விளக்கு, ஊசி, தரையில் உதிர்ந்த தலைமுடி, பிள்ளைகள் விளையாடிய பொம்மை. அரசனும் கல்வெட்டும் செப்பேடும் இல்லாத வரலாறு இது. இதை எழுத வருகிறவர் வீட்டுக்குள் நுழையவில்லை என்றால் கையில் பனியும் பசியும் மட்டுமே மிஞ்சும். எந்த ஆயிரமாண்டுக்கும் எந்த மக்களுக்கும் ஒட்ட வைக்கக்கூடிய பனியும் பசியும்.

ஊசியை எடுத்துக்கொள்வோம். டனனா பள்ளத்தாக்கிலேயே ப்ரோக்கன் மேமத் என்ற அகழ்விடத்தில் காது குடைந்த எலும்பூசி ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் வயது 12,000 ஆண்டுகளை ஒட்டியது. விரல் நீளம்கூட இல்லாத இந்தப் பொருள்தான் மனிதரை அந்தக் குளிரில் வாழவிட்டது. வெறும் தோலைப் போர்த்திக்கொண்டு நாற்பது டிகிரி உறைகுளிரில் ஓடவும் குனியவும் ஈட்டி எறியவும் முடியாது. உடலுக்கு அளவெடுத்து வெட்டி, காற்றுப் புகாமல் தைத்த உடை வேண்டும். வடகோடிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பெண்கள் பிற்காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. கேரிபு மானின் ரோமம் உள்ளே பொள்ளலானது, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் கொன்ற மானின் தோலே உடைக்கு ஏற்றது. அதற்கு முன் ரோமம் அடர்ந்திருக்காது, அதற்குப் பின் மிகவும் தடித்துக் கனத்துவிடும். உள்ளங்கியில் ரோமம் உடலைப் பார்த்திருக்கும், மேலங்கியில் வெளியே பார்த்திருக்கும். நூல் என்பது மானின் முதுகிலிருந்து உரித்துக் காயவைத்த தசைநார். நனைந்தால் அது உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். காலணித் தையலில் ஊசி தோலின் முழுக்கனத்தையும் துளைத்து மறுபக்கம் வராது. பாதிக் கனத்தில் நுழைந்து பாதிக் கனத்திலேயே வெளியேறும், அதனால் தண்ணீருக்கு வழி இருக்காது.

ஒரு தையல் விட்டுப்போனால் ஒரு கால்விரல் போகும். அதற்கு மேலும் போகலாம். வேட்டைக்குப் புறப்படுகிறவனின் உயிர் முந்தைய மாதங்களில் ஒரு பெண்ணின் விரலிலும் பல்லிலும் இருந்தது. தோலைப் பதப்படுத்த மென்று மென்று தேய்ந்த பற்களை அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடுகளிலேயே காணலாம். தைக்கத் தெரிந்த மனைவியோ தாயோ தமக்கையோ இல்லாத ஆண் அந்த ஊரில் எப்படிப்பட்ட நிலையில் இருந்திருப்பான்? தைப்பவள் மனம் மாறினால், நோயில் விழுந்தால், பகைக் கூட்டம் அவளைத் தூக்கிப்போனால்? ஒரு நாவலை முழுதாகச் சுமக்கும் வலு இந்தக் கேள்விகளுக்கு இருக்கிறது.

இதோடு விலக்குகளும் சேர்ந்துகொள்கின்றன. கனடாவின் நடு ஆர்க்டிக் பகுதி இனுயிட்டிடையே நிலத்து விலங்கையும் கடல் விலங்கையும் கலக்கக் கூடாது என்ற கடுமையான விதி இருந்தது. கேரிபுத் தோல் உடைகளைக் கடற்பனி மேல் குடியேறும் முன் தைத்து முடித்துவிட வேண்டும். சீல் வேட்டைக்காகப் பனிக்கு மேல் போனபின் அந்தத் தோலில் ஊசி படக் கூடாது. பட்டால் கடலடியில் இருக்கும் பெண் தெய்வம் சினந்து விலங்குகளை மறைத்துவிடும். கடலுக்கு இறங்கிய மறுநாள் பிள்ளையின் மேலங்கி கிழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் தைத்தால் ஊரே பட்டினி கிடக்கலாம், தைக்காவிட்டால் பிள்ளை உறையும். இந்த இக்கட்டை எழுத்தாளர் இட்டுக்கட்டத் தேவையில்லை, அந்தப் பண்பாட்டின் உள்ளேயே அது இருக்கிறது.

அடுத்தது விளக்கு. மாக்கல்லைக் குடைந்து செய்த தட்டையான கிண்ணம், அதில் சீல் கொழுப்பு உருகிய எண்ணெய், ஓரத்தில் பாசியையோ பஞ்சுப்புல்லையோ பரப்பிய திரி. மரம் முளைக்காத நிலத்தில் வெளிச்சம், சூடு, சமையல், பனியை உருக்கிக் குடிநீர், ஈரக் காலணியைக் காயவைத்தல் எல்லாம் இதிலிருந்துதான். சுடர் புகையாமல் சீராக எரிய, வீட்டுக்காரி அடிக்கடி திரியைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த விளக்கின் விலை என்ன என்பது அலாஸ்காவின் வடமுனையில், இன்றைய உட்கியாக்விக்கில், 1982-இல் தெரியவந்தது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு கடற்பனி பெருமலையாகக் கரையேறி மண்வீடு ஒன்றை நசுக்கியது. உள்ளே ஐந்து பேர். இரு பெண்களின் உடல்கள் உறைமண்ணில் அப்படியே காக்கப்பட்டிருந்தன. ஒருத்திக்கு நாற்பதைத் தாண்டிய வயது, மற்றவளுக்கு இருபதுகளின் நடுப்பகுதி. மூத்தவள் சில மாதங்களுக்கு முன்புதான் பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். இருவர் நுரையீரலிலும் கரி படிந்திருந்தது. ஆயுள் முழுக்க விளக்கருகே உட்கார்ந்து சுவாசித்த புகை. எலும்பு தேய்ந்திருந்தது. இவ்வளவையும் படித்த பிறகு ‘தூய்மையான பழங்காற்றில் வாழ்ந்த ஆரோக்கியமான மக்கள்’ என்று ஒரு வரி எழுத யாருக்கும் கை வராது. ‘துன்பமே வாழ்வான மக்கள்’ என்று எழுதவும் வரக் கூடாது என்பேன். நாற்பது வயதில் பிள்ளை பெற்றுப் பாலூட்டிய ஒருத்தியைச் சுற்றி உறவும் உணவும் இருந்திருக்கின்றன. அங்கே ஒரு குடும்பம் இருந்தது.

இந்த வீடு பனிக்கட்டி வீடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பனிக்கட்டியை அறுத்து அடுக்கிய குடில்கள் முக்கியமாகக் கனடாவின் நடு ஆர்க்டிக்கிலும் கிரீன்லாந்தின் வடமேற்கிலும் குளிர்காலத்துக்கு எழுப்பப்பட்டவை. அலாஸ்காவில் மிதந்து வந்த மரமும் திமிங்கில எலும்பும் புல்மண்ணும் சேர்த்துக் கட்டினார்கள். அலூஷன் தீவுகளில் கூரை வழியே ஏணியில் இறங்கும் மண்வீடுகள். எல்லோரையும் ஒரே பனிக்குடிலில் அடைக்கும் நாவலை நான் அந்தப் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவேன்.

அலூஷன் தீவுகள் வேறொரு சிக்கலையும் காட்டுகின்றன. அங்கே அனங்குலா என்ற சிறு தீவில் ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்தார்கள். கல்லில் சீவிய கத்தி அலகுகள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. தோல், மரம், புல், குடல் எல்லாம் மட்கிவிட்டன. சூ ஹாரிசன் 1990-இல் வெளியிட்ட நாவலின் களம் இதே தீவுக்கூட்டம், இதே தொலைவு. நாயகி ஊர் அழிந்தபின் தனித்து நிற்கும் இளம்பெண். தையலும் கூடை முடைதலும் அந்தக் கதையில் வெறும் அலங்காரமாக நிற்காததால் அதை மதிக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட கதையின் துணிமணியும் படகும் சடங்கும் எங்கிருந்து வரும்? 18-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ருஷ்யக் கடலோடிகளும் பாதிரிகளும் அத்தீவுகளின் பூர்வகுடிகளான உனங்கன் மக்களிடம் பார்த்து எழுதியவற்றிலிருந்துதான் பெரும்பகுதி வர முடியும். கடற்சிங்கத்தின் குடலைக் கீறி விரித்துத் தைத்த மழையங்கியை அவர்கள் பார்த்தார்கள். அதே அங்கி 9,000 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்ததா? கல் அதைச் சொல்லாது. நாவலாசிரியர் அதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வடக்கு என்றும் மாறாதது, நேற்றுப் பார்த்ததையே பத்தாயிரம் ஆண்டு பின்னுக்கும் தள்ளலாம் என்ற நம்பிக்கையில் எடுத்தால் தவறு.

மாறாதது என்பது எவ்வளவு பொய் என்பதற்குக் கிழக்கு ஆர்க்டிக்கே சாட்சி. இன்றைய இனுயிட்டின் முன்னோர் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவியது கி.பி. 1200-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அங்கே வேறொரு மக்கள் இருந்தார்கள். தொல்லியலில் அவர்களுடைய பிற்காலக் கட்டத்துக்கு டோர்செட் பண்பாடு என்று பெயர். மானிடவியலாளர் டயமண்ட் ஜென்னஸ் 1925-இல் அதைத் தனியே அடையாளம் கண்டார். இவர்களுடைய முன்னோரிடம் வில்லும் அம்பும் இருந்தன, துளையிடும் கருவியும் இருந்தது. டோர்செட் மக்கள் அவை இரண்டையும் கைவிட்டுவிட்டார்கள். அவர்களுடைய பொருள்களில் துளைகள் கடையப்பட்டவை அல்ல, கல்முனையால் கீறிக் கீறிக் குடையப்பட்டவை. ஊசிக் காதுகூட அப்படித்தான். அவர்களின் தந்தச் சிற்பங்களோ வியக்கவைப்பவை. சுண்டுவிரல் அளவில் பறப்பது போலவும் நீந்துவது போலவும் வெள்ளைக் கரடிகள், உடலெங்கும் எலும்புக் கோடுகளோடு. ஒரு கருவியை ஏன் ஒரு மக்கள் கூட்டமே விட்டுவிடுகிறது? அது தீட்டு என்று யாராவது சொன்னார்களா? கற்றுத்தரும் கிழவர்கள் ஒரே குளிர்காலத்தில் இறந்துபோனார்களா? இதைப் பற்றி நல்ல நாவல் ஒன்று வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

2014-இல் வெளியான மரபணு ஆய்வின்படி இந்த மக்கள் ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் கிழக்கு ஆர்க்டிக்கில் தனித்து வாழ்ந்து, சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். இன்றைய இனுயிட்டோடு அவர்களுக்குக் குருதிக் கலப்பு இருந்ததற்கான தடயம் அதில் இல்லை. ஆய்வகம் இதைச் சொல்லும் முன்பே இனுயிட் முதியவர்கள் சொல்லிவந்தார்கள்: எங்களுக்கு முன் துனீட் என்றொரு மக்கள் இங்கே இருந்தார்கள், வால்ரஸைத் தனியாளாக இழுத்துப்போகும் பலசாலிகள், ஆனால் கூச்சம் மிகுந்தவர்கள், சண்டை என்றால் விலகி ஓடிவிடுவார்கள். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1888-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தக் கதைகள் இருக்கின்றன. 1921-இல் தொடங்கிய ஐந்தாம் துலே பயணம் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தில் அதன் தலைவர் குனுட் ராஸ்முசனும் கேட்டு எழுதினார். அதில் ஒரு சிறு செய்தி என் மனதை விட்டுப் போவதில்லை. துனீட் ஆண்கள் பனித்துளையருகே சீலுக்காகக் காத்திருக்கும்போது நீண்ட தோலங்கிக்குள் சிறு விளக்கை ஏற்றி வைத்துக்கொள்வார்களாம். சீல் வந்ததும் பரபரப்பில் விளக்கை மறந்து எழுந்து உடம்பைச் சுட்டுக்கொள்வார்களாம். டோர்செட் வீடுகளில் கிடைக்கும் மாக்கல் விளக்குகள் பின்வந்தவர்களுடையதைவிட உண்மையிலேயே மிகச் சிறியவை. கதை அப்படியே நடந்தது என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. என்றாலும் ஒரு மக்களின் விளக்கு அளவு எழுநூறு ஆண்டு வாய்வழியாக நினைவில் நின்றிருக்கக்கூடும் என்பதை எழுத வருகிறவர் மனதில் கொள்ளலாம்.

வாய்மொழி இன்னும் நேராக மண்ணைச் சந்தித்த இடம் தென்மேற்கு அலாஸ்காவில் குவின்ஹாகக் ஊருக்கு அருகே இருக்கிறது. பெரிங் கடலோரத்தில் உறைமண் உருகிக் கரை இடிந்து, மரப் பொம்மைகளும் கருவிகளும் கடற்கரையில் வந்து விழத் தொடங்கின. 2009-இல் ஊர் மக்களும் அபர்தீன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நுனல்லெக் என்ற பழைய ஊரைத் தோண்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதி யூபிக் மக்களின் நினைவில் வில்லம்புப் போர்க்காலம் என்று ஒன்று உண்டு. அது எப்படித் தொடங்கியது என்பதற்கு அவர்கள் சொல்லும் கதை: வீட்டுக்குள் பையன்கள் எலும்பு ஈட்டி எறிந்து விளையாடுகையில் ஒருவனுடைய ஒரு கண் தவறுதலாகப் போயிற்று. ஈடாக ஒரு கண்ணை எடுத்துக்கொள் என்று எறிந்த பையனின் தகப்பன் சொல்ல, பாதிக்கப்பட்டவனின் தகப்பன் இரண்டு கண்களையும் பறித்தான். பிறகு ஊருக்கு ஊர் பழி.

தோண்டியபோது எரிந்து சரிந்த பெரிய மண்வீடு வெளிப்பட்டது, அதில் அம்புமுனைகள் பாய்ந்து கிடந்தன. 17-ஆம் நூற்றாண்டில் நடந்த தாக்குதல். எரிந்த கூரைக்கு அடியில் அன்றாட வாழ்வு அப்படியே உறைந்திருந்தது. முகமூடிகள், புல்லில் முடைந்த கூடைகள், பெண்கள் பயன்படுத்தும் பிறைவடிவக் கத்திகள், தரையில் வெட்டி விழுந்த தலைமுடி. அந்த முடியை ஆய்ந்து அவர்கள் சால்மனும் கேரிபும் கடல் விலங்குகளும் உண்டதைக் கண்டறிந்தார்கள். 2018-இல் அந்தப் பொருள்களுக்கு ஊரிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். அதனால் இன்று யாராவது நுனல்லெக்கைப் பற்றி நாவல் எழுதினால், அதன் பாத்திரங்களின் பேரப்பிள்ளைகள் அதே கரையில் சால்மன் உலர்த்திக்கொண்டு அதைப் படிப்பார்கள்.

அப்படிப்பட்ட பேரப்பிள்ளைகளே எழுத வந்தபோது கதை எங்கே போயிற்று என்று பார்ப்பது பயனுள்ளது. யூக்கான் ஆற்றங்கரை குவிச்சின் மக்களைச் சேர்ந்த வெல்மா வாலிஸ், தாயிடம் கேட்ட கதையை 1993-இல் சிறு நூலாக வெளியிட்டார். பஞ்சக் குளிர்காலத்தில் கூட்டம் இரண்டு கிழவிகளைக் கைவிட்டுப் போகிறது. அவர்கள் சாகவில்லை. கண்ணி வைத்து முயல் பிடிக்கிறார்கள், தோல் தைக்கிறார்கள், மீன் சேமிக்கிறார்கள். கடைசியில் பசியோடு திரும்பி வரும் கூட்டத்துக்கு உணவும் உடையும் அவர்களிடம்தான் இருக்கின்றன. வெளியாள் எழுதியிருந்தால் ‘முதியோரைக் கைவிடும் கொடிய வழக்கம்’ என்பதே நூலின் பொருளாகி இருக்கும் என்று எண்ணுகிறேன். வாலிஸிடம் அது தொடக்கம் மட்டுமே. கைகள் என்னவெல்லாம் அறிந்திருந்தன என்பதுதான் கதை.

எதை எடுக்கலாம், யாரைக் கேட்க வேண்டும் என்பதில் தொல்லியல் சற்று முன்னே போய்விட்டது. 1996-இல் தென்கிழக்கு அலாஸ்காவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக் குகையில் 10,300 ஆண்டுப் பழைமையான ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தபோது, பக்கத்து ஊர்களின் திலிங்கிட் மக்களைக் கேட்டபின் ஆய்வு தொடர்ந்தது. பெரும்பாலும் கடலுணவில் வாழ்ந்தவர் என்று அவர் எலும்பு சொன்னது. திலிங்கிட் மக்கள் அவருக்கு ஷுகா கா என்று பெயரிட்டு, 2008-இல் சடங்குகளோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். டனனா பள்ளத்தாக்கின் சிசுக்களுக்கும் அந்நிலத்து மக்கள் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். ஆய்வாளர் கேட்கக் கடமைப்பட்டவர் என்றால் நாவலாசிரியருக்கும் அந்தக் கடமை உண்டு என்றே கருதுகிறேன். சட்டம் கட்டாயப்படுத்தாது என்பதால் அது குறைந்துவிடாது.

கேட்டபின் கற்பனைக்கு இடமிருக்காதே என்று சிலர் அஞ்சுகிறார்கள். கனடாவின் இக்லூலிக் தீவு இனுயிட் கலைஞர்கள் செய்தது அந்த அச்சத்துக்கு நல்ல பதில். பால் அபாக் அங்கிலிர்க் தம் ஊர் முதியவர்கள் பலரிடம், பனிமேல் வெறுங்காலோடு அம்மணமாக ஓடித் தப்பிய அத்தனார்ஜுவாட் என்பவனின் பழங்கதையைப் பதிவுசெய்து, பல வடிவங்களைச் சேர்த்துத் திரைக்கதை ஆக்கினார். சகரியாஸ் குனுக் இயக்கி 2001-இல் அது படமாக வந்து, கேன் விழாவில் அறிமுக இயக்குநருக்கான பரிசைப் பெற்றது. முழுக்க இனுயிட் மொழியில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் அதுவே. உடையும் கருவிகளும் அந்த ஊரார் கையால் செய்தவை. இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் அவர்கள் கதையின் முடிவை மாற்றினார்கள். முதியவர்கள் சொன்ன கதையில் நாயகன் தன் அண்ணனைக் கொன்றவர்களைப் பழிவாங்கிக் கொல்கிறான். படத்தில் அவன் கையை ஓங்கி, பிறகு நிறுத்திவிடுகிறான். கொலைகாரர்களை ஊரைவிட்டு வெளியேறச் சொல்வது ஒரு கிழவி.